ஓபராவுக்குப் புதியவர் எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி இது: "சினிமாப் பாட்டும் கொஞ்சம் கர்நாடக இசையும் கேட்டு வளர்ந்தவன் நான். ஓபராவைத் தெரிந்துகொள்ள ஆசை. யூடியூபில் புகழ்பெற்ற பாடல்கள் சிலவற்றைக் கேட்டேன். எல்லோரும் உச்சக் குரலில் கத்துவதாகத் தோன்றுகிறது, ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. எங்கிருந்து தொடங்குவது? இத்தாலியன் தெரியாமல் ரசிக்க முடியுமா?"

நிச்சயம் முடியும். தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். புகழ்பெற்ற பாடல்களைத் தனியாகப் பிரித்துக் கேட்கும்போது, ஒரு பெண் ஒன்றரை மணி நேரம் உள்ளுக்குள் அடக்கி வைத்திருந்தது உடையும் நிமிடம் மட்டும் உங்கள் காதில் விழுகிறது. அவள் யார், யாரிடம் சொல்கிறாள், எதை இழக்கிறாள் என்பதெல்லாம் வெட்டப்பட்டுவிட்டது. அப்படிக் கேட்டால் யாருக்குமே அது கத்தலாகத்தான் படும். இருபது பாடல்களை விட்டுவிட்டு ஒரே ஒரு முழு ஓபராவை, அதாவது பாடியே நடிக்கும் ஒரு நாடகத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். கதையை முடிவு உட்பட முன்னாலேயே படித்துவிடுங்கள். இங்கே முடிவு தெரிந்திருப்பதால் சுவை கெடாது. அரங்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் கதாநாயகி கடைசியில் இறந்துபோவாள் என்று தெரிந்தேதான் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தச் சாவை நோக்கி அவள் எப்படி நடக்கிறாள் என்பதைக் கேட்கத்தான் டிக்கெட் வாங்கினார்கள்.

எந்த ஓபரா என்று சொல்வதற்கு முன், அந்தக் "கத்தல்" பற்றிப் பேசிவிட வேண்டும். அது புரிந்தால் பாதித் தடை விலகிவிடும்.

ஓபரா பாடகர்கள் மைக் இல்லாமல் பாடுகிறார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் ஏறத்தாழ 3,800 பேர் உட்காரலாம். மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் அறுபது, எழுபது பேர், சில படைப்புகளில் நூறு பேர் வரை வாசிக்கிறார்கள். அத்தனை வாத்தியங்களையும் கடந்து ஒரு மனிதக் குரல் மேல்மாடியின் கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டும். மெதுவாகப் பாடும் இடத்திலும் சேர வேண்டும். நுரையீரலின் பலம் மட்டும் இதற்குப் போதாது. இசைக்குழுவின் ஒலி 500 ஹெர்ட்ஸ் அருகில் மிக வலுவாக இருக்கும். அதற்கு மேலே போகப் போக வேகமாகக் குறையும். பயிற்சி பெற்ற ஆண் பாடகர்கள் குரல்வளைக்கு மேலுள்ள பாதையின் வடிவத்தை மாற்றி, தங்கள் ஒலியின் ஒரு பகுதியை 3,000 ஹெர்ட்ஸ் சுற்றிலும் குவிக்கிறார்கள். அந்த இடத்தில் இசைக்குழு பலவீனமாக இருக்கிறது, மனிதக் காது மிகவும் கூர்மையாக இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த குரல் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி 1970களில் இதை அளந்து விளக்கினார். பாடகர்களோ அளவுகோல் எதுவும் இல்லாமல், குருவின் காதையும் தங்கள் உடம்பின் உணர்வையும் நம்பித் தலைமுறை தலைமுறையாக இதைக் கண்டடைந்து வந்திருக்கிறார்கள்.

உச்ச ஸ்தாயியில் பாடும் சோப்ரானோ பெண்கள் வேறு வழியில் போகிறார்கள். சுருதி ஏறும்போது வாயை அகலத் திறந்து, உயிரெழுத்தின் ஒலியையே அந்தச் சுருதிக்கு ஏற்ப வளைத்துக்கொள்கிறார்கள். அதனால் மிக மேலே போகும்போது 'இ', 'எ', 'ஆ' எல்லாம் ஏறக்குறைய ஒரே ஒலியாகிவிடும். அங்கே வார்த்தை பிடிபடாவிட்டால் வருத்தப்பட வேண்டாம். இத்தாலியின் மிலான் நகரத்துக்காரருக்கும் அந்த இடத்தில் வார்த்தை பிடிபடாது. இசையமைப்பாளர்களுக்கும் இது தெரியும். முக்கியமான சொற்களைப் பெரும்பாலும் கீழேயும் நடுவிலும் சொல்ல வைத்துவிட்டு, சொல் தீர்ந்துபோன பிறகுதான் குரலை மேலே அனுப்புவார்கள்.

இப்படிப் பெரிய அரங்குக்காக உருவான குரலைக் கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் என்ன ஆகும்? கீழ் ஒலிகள் மறைந்து அந்தக் கூர்மை மட்டும் மிஞ்சும். நல்ல ஹெட்ஃபோனோ ஓரளவு பெரிய ஸ்பீக்கரோ வைத்துக்கொண்டு கேளுங்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஒருமுறையாவது நேரில், மைக் இல்லாத குரலைக் கேளுங்கள். காற்றில் நேராக வந்து உங்களைத் தொடும் குரலுக்கும் பதிவு செய்யப்பட்ட குரலுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

பேசிக்கொண்டிருக்கும் மனிதர்கள் திடீரென்று பாடத் தொடங்குவது மேற்கில் பலருக்கே ஓபராவின் பெரிய இடைஞ்சல். சினிமாவில் வளர்ந்த நமக்கு அந்தத் தயக்கம் இருக்கத் தேவையில்லை. காதல் வந்தால் கதை நிற்கும், பாட்டு வரும் என்பதைக் குழந்தையிலிருந்தே ஏற்றுக்கொண்டவர்கள் நாம். ஆனால் சினிமாவில் உதடு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. ஓபராவில் படிக்கட்டில் ஓடி வருகிறவரும், படுக்கையில் சாய்ந்து இருமுகிறவரும், கத்தியால் குத்தப்பட்டு விழுகிறவரும் தாமேதான் பாட வேண்டும், அதே நொடியில், அதே மூச்சில். இன்னொரு வித்தியாசமும் உண்டு. நல்ல ஓபராவில் பாட்டு கதையிலிருந்து விலகி நிற்பதில்லை. பாட்டு முடியும்போது அந்தப் பாத்திரம் பாட்டு தொடங்கிய இடத்தில் இருக்காது. ஒரு முடிவை எடுத்திருக்கும், அல்லது ஒன்றை உணர்ந்திருக்கும்.

இந்தக் கலை எப்படிப் பிறந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் சில அறிஞர்களும் இசைக்காரர்களும் ஒரு கேள்வியை விவாதித்து வந்தார்கள்: பழைய கிரேக்க நாடகங்கள் எப்படி நிகழ்த்தப்பட்டிருக்கும்? பாடித்தான் என்று அவர்கள் நம்பினார்கள். வானியலாளர் கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேயும் அந்த வட்டத்தில் ஒருவர். பல குரல்கள் ஒன்றோடொன்று பின்னி வார்த்தையை விழுங்கிவிடும் அன்றைய இசை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரே குரல், துணைக்கு ஒன்றிரண்டு வாத்தியம், பேச்சின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றும் பாட்டு என்று முயன்றார்கள். யாக்கோபோ பேரி 1600ல் மேடையேற்றிய 'யூரிடிசே'தான் இன்று முழுதாகக் கிடைக்கும் மிகப் பழைய ஓபரா. 1607ல் மான்டுவா அரண்மனையில் இசையமைப்பாளர் மான்டெவெர்டியின் 'ஆர்ஃபேயோ' வந்தது. இன்றும் அரங்குகளில் உயிரோடு இருக்கிறது. 1637ல் வெனிஸில் சான் காசியானோ அரங்கு திறந்தபோது காசு கொடுத்த யாரும் ஓபரா பார்க்கலாம் என்ற நிலை வந்தது. அங்கே மக்கள் பாடல்வரிகள் அச்சிட்ட சிறு புத்தகத்தை வாங்கி, மெழுகுத்திரி வெளிச்சத்தில் படித்தபடியே கேட்டார்கள். மெழுகு சொட்டிய புத்தகங்கள் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. சொந்த மொழியில் பாடினால்கூட வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது, அப்படியானால், ஓபராவின் குழந்தைப் பருவத்துப் பழக்கம். நீங்கள் வசன வரிகளைப் படித்துக்கொண்டே பார்ப்பதில் குறைவு ஏதும் இல்லை.

அந்தப் பாடல்வரிப் புத்தகத்துக்கு லிப்ரெட்டோ என்று பெயர். கூடவே இரண்டு சொற்களையும் தெரிந்துகொள்ளுங்கள். கதை நகரும் இடங்களில், பேச்சுக்குப் பக்கத்தில் நின்று பாடுவது ரெசிடேட்டிவ். கதை நின்று ஒருவர் மனம் திறக்கும் இடம் ஆரியா. பதினெட்டாம் நூற்றாண்டில், மோட்சார்ட் காலத்தில், இரண்டுக்கும் இடையில் தெளிவான கோடு இருந்தது. ரெசிடேட்டிவ் வந்தால் இசைக்குழு அடங்கி ஹார்ப்சிகார்ட் என்ற, பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியம் மட்டும் துணை நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கோடு மெல்ல மெல்ல அழிந்தது. முதல்முறை பார்க்கும்போது ரெசிடேட்டிவ் வறட்சியாகத் தோன்றலாம். தாண்டிப் போகாதீர்கள், சண்டைகளும் பொய்களும் அங்கேதான் நடக்கின்றன.

இனி அந்த ஓபரா. என் தேர்வு ஜூசெப்பே வெர்டியின் 'லா டிராவியாட்டா'. இசை மட்டும் இரண்டேகால் மணி நேரம் அளவில் வரும். மூன்று முக்கியப் பாத்திரங்கள். கதையை இரண்டு வரியில் சொல்லலாம். பாரிஸில் பணக்கார ஆண்களின் பணத்தில் வாழும் வயலெட்டா என்ற காசநோயாளிப் பெண்ணை ஆல்ஃப்ரெடோ என்ற இளைஞன் உண்மையாகக் காதலிக்கிறான். அவளும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவனோடு போகிறாள். அவனுடைய தந்தை வந்து அவளை விலகிப் போகச் சொல்கிறார். அவள் விலகுகிறாள், நோயில் சாகிறாள்.

இந்தக் கதைக்குப் பின்னால் உண்மையான ஒரு பெண் இருக்கிறாள். மரி டுப்ளெசி என்ற பெயரில் பாரிஸில் வாழ்ந்து 1847ல், 23 வயதில் காசநோயால் இறந்தவள். அவளைக் காதலித்த இளைய அலெக்ஸாண்டர் டூமா மறு ஆண்டே அதை நாவலாக்கினார், 1852ல் நாடகமாக்கினார். 1853 மார்ச் 6 அன்று வெனிஸின் லா ஃபெனிசே அரங்கில் வெர்டியின் ஓபரா மேடையேறியது. அவள் இறந்து ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பார்வையாளர்கள் தாங்கள் அணிந்திருந்த அதே உடைகளை மேடையிலும் பார்க்க வேண்டும் என்று வெர்டி விரும்பினார். அதிகாரிகள் அனுமதிக்கவில்லை, கதையை 1700 வாக்கில் நடப்பதாகத் தள்ளிவைத்தார்கள். வெர்டிக்கு இது சொந்த விஷயமும்கூட. அவர் முன்பு மேடையில் பாடிய ஜூசெப்பினா ஸ்ட்ரெப்போனியோடு மணம் செய்யாமல் வாழ்ந்துவந்தார். சொந்த ஊரில் அந்தப் பெண்ணை மக்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை நேரில் கண்டவர். அவர்கள் மணந்துகொண்டது 1859ல்தான்.

முதல் இரவு தோல்வியில் முடிந்தது. "நேற்றிரவு டிராவியாட்டா தோல்வி. குற்றம் என்னுடையதா, பாடகர்களுடையதா? காலம் தீர்ப்பு சொல்லும்" என்று வெர்டி நண்பருக்கு எழுதினார். அடுத்த ஆண்டு, சில இடங்களைத் திருத்தி, அதே வெனிஸில் வேறொரு அரங்கில் மேடையேற்றியபோது ஊரே கொண்டாடியது.

பார்க்கத் தொடங்குமுன் திரை விலகாத அந்த முதல் சில நிமிடங்களைக் கவனமாகக் கேளுங்கள். வயலின்கள் மட்டும் மிக மெல்லிய, நடுங்கும் ஒலியில் தொடங்கும். அது மூன்றாம் அங்கத்தில் அவள் சாகக் கிடக்கும் அறையின் இசை. அதற்குப் பிறகு அகன்ற ஒரு ராகம் வரும். அது இரண்டாம் அங்கத்தில் அவள் காதலனைப் பிரியும் நிமிடத்தில் பாடப்போவது. அதே ராகம் கீழ்க்கம்பிகளில் மறுபடி வரும்போது, மேலே வயலின்கள் விருந்து மண்டபத்தின் பளபளப்போடு துள்ளும். அடுத்த கணம் திரை விலகினால் விருந்துதான் நடந்துகொண்டிருக்கிறது. சாவு, பிரிவு, கொண்டாட்டம் என்று கதையை வெர்டி தலைகீழாகச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார். முதல்முறை இது பிடிபடாது. இரண்டாம் முறை பார்க்கும்போது அந்த ராகம் வந்ததுமே தொண்டை அடைக்கும்.

முதல் அங்கத்தில் கோப்பையை உயர்த்திப் பாடும் 'லிபியாமோ'வை நீங்கள் ஏற்கெனவே எங்காவது கேட்டிருப்பீர்கள். அதைவிட முக்கியம் அங்கத்தின் கடைசிப் பத்து நிமிடம். விருந்தாளிகள் போய்விட்டார்கள், வயலெட்டா தனியாக நிற்கிறாள். "விசித்திரமாக இருக்கிறது" என்கிறாள். அந்த இளைஞன் சொன்ன காதல் அவளுக்குள் தங்கிவிட்டது. அவன் பாடிய ராகத்தையே அவளும் பாடிப் பார்க்கிறாள், பிரபஞ்சம் முழுதின் துடிப்பாக இருக்கும் காதல் என்று. பிறகு தலையை உலுக்கிக்கொண்டு "பைத்தியக்காரத்தனம்!" என்று கத்திவிட்டு, தான் என்றும் சுதந்திரமானவள், இன்பத்திலிருந்து இன்பத்துக்குப் பறப்பேன் என்று வேகமாகப் பாடத் தொடங்குகிறாள். மெதுவாக ஒரு பகுதி, வேகமாக ஒரு பகுதி என்பது அன்றைய இத்தாலிய ஆரியாவின் வழக்கமான அமைப்பு. மற்றவர்கள் அதைப் பாடகரின் திறமையைக் காட்டப் பயன்படுத்தினார்கள். வெர்டி அதையே இரண்டாகப் பிளந்த ஒரு மனமாக மாற்றினார். வேகப் பகுதியின் நடுவில் சன்னலுக்கு வெளியிலிருந்து ஆல்ஃப்ரெடோவின் குரல் கேட்கும். அவன் உண்மையிலேயே தெருவில் நிற்கிறானா, அவள் மனதுக்குள்தான் ஒலிக்கிறதா? சில இயக்குநர்கள் அவனைக் கண்முன் காட்டுவார்கள். காட்டாமல் விடுவதே எனக்குப் பிடிக்கும்.

ஓபரா எதற்காக இருக்கிறது என்று யாராவது கேட்டால் இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சியைத்தான் நான் காட்டுவேன். நாட்டுப்புற வீடு. காதலர்கள் அங்கே வாழ்கிறார்கள். செலவுக்காக அவள் தன் சொத்துகளை ரகசியமாக விற்று வருகிறாள். ஆல்ஃப்ரெடோ வெளியே போன நேரத்தில் அவனுடைய தந்தை ஜெர்மோன் வருகிறார். மகனைச் சுரண்டும் பெண் என்று நினைத்துக் கடுமையாகப் பேசத் தொடங்குகிறார். அவள் விற்பனைப் பத்திரங்களைக் காட்டியதும் அவர் தொனி மாறுகிறது. பிறகு தன் மகளைப் பற்றிச் சொல்கிறார்: தேவதை போலத் தூய பெண், அண்ணன் இப்படி வாழ்ந்தால் அவளுடைய கல்யாணம் நின்றுவிடும். அந்த மனிதர் வில்லன் இல்லை. குடும்ப மானம் என்ற ஒன்றை உண்மையாகவே நம்புகிறவர். அவர் பாட்டு ஒழுங்காக, கட்டங்கட்டமாக, மறுக்க முடியாத மரியாதையோடு நடக்கும். வயலெட்டாவின் பதிலோ மூச்சு வாங்கும் குட்டிக் குட்டித் துண்டுகளாகச் சிதறும்: எனக்கு யாருமில்லை, நோய் இருக்கிறது, அவனை விட்டுப் பிரிவதைவிடச் சாவது மேல். அவர் விடுவதில்லை. உன் அழகு மங்கும்போது அவன் சலித்துப்போவான், அப்போது என்ன செய்வாய் என்கிறார். அந்த இடத்தில் அவள் உள்ளே ஏதோ ஒன்று நின்றுபோகிறது.

அதன் பிறகு அவள் பாடுவதைக் கேளுங்கள். "அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்" என்று தொடங்கும் வரி. அலங்காரம் எதுவும் இல்லாத, ஒரு குழந்தைகூடப் பாடிவிடக்கூடிய ராகம். ஒரே ஒளிக்கீற்று வைத்திருந்த ஒருத்தி உனக்காக அதையும் கொடுத்துவிட்டுச் சாவாள் என்று, தான் பார்த்தே இராத பெண்ணுக்குச் சேதி அனுப்புகிறாள். முதல் அங்கத்தில் அத்தனை ஸ்வரங்களை வாரி இறைத்தவள் இங்கே எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிட்டாள். ஜெர்மோன் "அழு, அழு" என்று கூடவே பாடுகிறார். தான் கேட்டது எவ்வளவு பெரியது என்று அவருக்கு அப்போதுதான் புரிகிறது. ஆனாலும் கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பாடுவதால் அவளுடைய துயரமும் அவருடைய இரக்கமும் ஒரே இசையாகிறது. இரக்கப்படுகிறவரே அழிக்கிறவராகவும் இருப்பதை வசனத்தில் விளக்கப் பத்துப் பக்கம் வேண்டும்.

அவர் போனதும் ஆல்ஃப்ரெடோ திரும்பி வருகிறான். அவனிடம் உண்மையைச் சொல்ல முடியாது. "என்னைக் காதலி, ஆல்ஃப்ரெடோ, நான் உன்னைக் காதலிக்கும் அளவுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடுகிறாள். ஆரம்பத்தில் திரைக்குப் பின்னால் கேட்ட ராகம் முழு இசைக்குழுவோடு எழுகிறது. ஒரு நிமிடம்கூட நீடிக்காது. அதைத் தனியாக வெட்டி யூடியூபில் கேட்டால் உரத்த அலறல். இருபது நிமிடக் காட்சியைக் கடந்து அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவருக்கு, அவளால் வேறெப்படியும் அதைச் சொல்லியிருக்க முடியாது என்று தெரியும்.

மூன்றாம் அங்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி நிறுத்துகிறேன். ஜெர்மோன் எழுதிய கடிதத்தை வயலெட்டா படிக்கிறாள். படிக்கிறாள், பாடவில்லை. முழுக்கப் பாட்டாலான படைப்பில் சாதாரணப் பேச்சுக்குரல் வரும் அபூர்வமான இடம். அவள் படிக்கும்போது பின்னால் வயலினில் ஆல்ஃப்ரெடோவின் காதல் ராகம் மெல்லக் கேட்கும். பாட அவளிடம் பலமில்லை. இசைக்குழு அவளுக்காக நினைவில் வைத்திருக்கிறது.

எந்தப் பதிவைப் பார்க்கலாம்? மரபான அரங்க அமைப்போடு பார்க்க 1994ல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் கியார்க் ஷோல்டி இசைக்குழுவை நடத்தி, ஆஞ்செலா கியோர்கியூ பாடியது நல்லது. அது பார்த்த பிறகு 2005 சால்ஸ்பர்க் விழாவில் ஆனா நெட்ரெப்கோவும் ரோலாண்டோ வியாசோனும் பாடியதைப் பாருங்கள். வில்லி டெக்கர் இயக்கிய அதில் வெறுமையான மேடை, பெரிய ஒரு கடிகாரம், சிவப்பு உடையில் வயலெட்டா. மருத்துவர் பாத்திரம் சாவின் உருவமாக முதலிலிருந்தே மௌனமாக நின்றுகொண்டிருக்கிறது. ஒரே ஸ்வரக்குறிப்பை வைத்துக்கொண்டு எவ்வளவு வேறான நாடகங்கள் செய்யலாம் என்பது அப்போது விளங்கும். கேட்க மட்டும் என்றால் கார்லோஸ் கிளைபர் நடத்தி, இலியானா கோட்ருபாஸ் பாடிய 1970களின் பதிவு. மரியா காலாஸ் பாடிய நேரடிப் பதிவுகளின் ஒலித்தரம் பழையது, ஆனால் "அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்" என்ற வரியை அவர் தொடங்கும் விதத்துக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மொழி பற்றிய பயத்தைத் தொழில்நுட்பம் எப்போதோ தீர்த்துவிட்டது. 1983ல் டொரொன்டோவில் கனடிய ஓபரா நிறுவனம் மேடைக்கு மேலே வசன வரிகளைத் திரையிட்டது; முதலில் சிலர் எதிர்த்தாலும் இன்று பெரிய அரங்குகளில் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. வீட்டிலிருந்து பார்க்க ஓபராவிஷன் என்ற இணையதளத்தில் ஐரோப்பிய அரங்குகளின் முழு நிகழ்ச்சிகள் ஆங்கில வரிகளோடு இலவசமாகக் கிடைக்கும். மெட்ரோபாலிட்டன் 2006 டிசம்பரிலிருந்து தன் நிகழ்ச்சிகளைத் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்புகிறது. வியன்னாவுக்குப் போகும் வாய்ப்பு அமைந்தால் அங்கே அரசு ஓபராவில் குறைந்த விலைக்கு நின்று பார்க்கும் டிக்கெட்டுகள் உண்டு. உடை விஷயத்தில் கவலை வேண்டாம், சுத்தமாக இருந்தால் போதும். ஆரியா முடிந்ததும் கைதட்டலாம். சந்தேகமாக இருந்தால் மற்றவர்கள் தட்டும்வரை காத்திருங்கள்.

டிராவியாட்டாவுக்குப் பிறகு புச்சினியின் 'லா போயெம்'. 1896ல் டூரினில் அரங்கேறியது, இசை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அதன் பின் 'கார்மென்'. பாதி ராகங்கள் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். அதன் இசையமைப்பாளர் ஜார்ஜ் பிசே, பாரிஸில் அது மேடையேறி மூன்றே மாதத்தில், தன் படைப்பு உலகை வெல்லப்போவதை அறியாமல் 36 வயதில் இறந்தார்.

மீண்டும் வெர்டியிடம் திரும்பும்போது 'ரிகொலெட்டோ'வின் கடைசி அங்கத்தில் வரும் நால்வர் பாட்டைத் தவறவிடாதீர்கள். சுவருக்கு உள்ளே கோமான் ஒரு பெண்ணை மயக்குகிறான், அவள் சிரித்துக்கொண்டே தட்டிக்கழிக்கிறாள். வெளியே அவனை நம்பிய கில்டா இடுக்கு வழியாகப் பார்த்து நொறுங்குகிறாள், அவளுடைய தகப்பன் பழிவாங்குவதாகச் சொல்கிறான். நால்வரும் ஒரே நேரத்தில் பாடுகிறார்கள். நாடகத்தில் நான்கு பேர் சேர்ந்து பேசினால் இரைச்சல்தான் வரும். இங்கே நால்வரின் மனமும் தனித்தனியாகக் கேட்கும், நான்கும் சேர்ந்து அழகாகவும் இருக்கும். இதன் முன்னோடி மோட்சார்ட். 1786ல் வந்த 'ஃபிகாரோவின் திருமணம்' இரண்டாம் அங்கத்தின் முடிவில், கணவன் மனைவி சண்டையில் தொடங்கி ஒவ்வொருவராக உள்ளே வந்து, இருபது நிமிடத்தில் ஏழு பேர் சேர்ந்து பாடும் இடத்துக்கு இசை நிற்காமல் வளரும். மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' பலருக்கும் முதலில் பரிந்துரைக்கப்படுவது. இரவின் அரசியின் ஆரியாவுக்காக அது புகழ் பெற்றிருந்தாலும், கதையில் நல்லவர் கெட்டவர் நடுவில் இடம் மாறுவதால் புதியவர்கள் குழம்பிப்போகிறார்கள். நான் அதைப் பின்னால்தான் வைப்பேன்.

நம் பக்கத்து நிலங்களைத் தொடும் ஓபராக்களும் உண்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். உண்டு. அதே பிசே 24 வயதில் எழுதிய 'முத்துக்குளிப்போர்' 1863ல் பாரிஸில் வந்தது. இலங்கைக் கடற்கரையில் நடக்கும் கதை. நாதிர், சூர்கா என்ற இரு நண்பர்கள் கோயிலில் கண்ட ஒரு பெண்ணை நினைத்துப் பாடும் இருவர் பாட்டு, ஆண் குரல்களுக்கு எழுதப்பட்டவற்றில் மிக அழகியது என்பது என் எண்ணம். ஆனால் மன்னார் முத்துக்குளிப்பின் சாயலை அதில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். எழுதியவர்கள் முதலில் கதையை மெக்சிகோவில் வைத்திருந்தார்கள், பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது தொலைவில் ஒரு கரை, அவ்வளவே. 1883ல் வந்த டெலிபின் 'லாக்மே'யில் ஓர் அந்தணரின் மகள் ஆங்கிலேய அதிகாரியைக் காதலிக்கிறாள். பாரிஸ்காரர்கள் கற்பனை செய்த இந்தியா அது. இசையை ரசித்தபடியே அந்தக் கற்பனையின் கோணலையும் பார்க்கலாம். ஒன்றுக்காக மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை. இவற்றுக்கு நேர் எதிராக நிற்பது அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸின் 'சத்யாகிரகா', 1980. தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டமே கதை. பாடுவதெல்லாம் பகவத் கீதையின் சமஸ்கிருத வரிகள். அந்தக் காந்தி பாத்திரத்தை லாஸ் ஏஞ்சலஸில் பாடியவர்களில் ஒருவர் இலங்கை வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கத் தெனார் (உயர்ந்த ஆண் குரல்) பாடகர் ஷான் பணிக்கர். மெதுவாக, திரும்பத் திரும்ப வரும் அந்த இசைக்குப் பொறுமை வேண்டும். கடைசி அங்கத்தில் காந்தி ஒரே ஏறுவரிசையை மறுபடி மறுபடி பாடும் இடத்தில் அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைக்கும்.

ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரைப் பற்றிச் சொல்லாவிட்டால் யாராவது கோபித்துக்கொள்வார்கள். அவருடைய 'நிபெலுங்கின் மோதிரம்' நான்கு இரவுகள், சுமார் 15 மணி நேரம். 1876ல் அதற்காகவே பைராய்ட் நகரில் அரங்கு கட்டி, இசைக்குழுவைக் கண்ணுக்குத் தெரியாமல் மேடைக்கு அடியில் இறக்கினார். அதிலிருந்து தொடங்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். மேலே சொன்னவற்றில் மூன்று நான்கைக் கேட்டு, ராகங்கள் பாத்திரங்களின் நினைவாகத் திரும்பி வருவதைக் காது பிடிக்கத் தொடங்கிய பிறகு, அந்த நான்கில் இரண்டாவதான 'வால்க்யூரே'யின் முதல் அங்கத்தை மட்டும் எடுங்கள். ஒரு மணி நேரம்தான். மூன்றே பாடகர்கள், புயலடிக்கும் இரவில் ஒரு குடிசை, உள்ளே அடைக்கலம் தேடி வரும் ஆயுதமில்லாத ஒருவன். அது பிடித்துவிட்டால் மிச்சத்தை நீங்களே தேடிப் போவீர்கள்.